கட்டுமரத்துக்கு உள்ளே

யாராவது பேய், சித்தர், அமானுஷ்யம் என்று ஆரம்பித்தாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடும். திருவண்ணாமலையில் கடை போட்டிருக்கிறவளுக்கு இது கொஞ்சம் கஷ்டமான குணம்தான். இந்த ஊரில் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் யாராவது ஒருவர், மலை சுற்றும்போது கூடவே ஒரு பெரியவர் நடந்து வந்தார், திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம் என்று சொல்லிவிடுவார். "அவரும் டீ குடிக்க ஒதுங்கியிருப்பாருங்க" என்று சொல்லி நான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அப்படிப்பட்டவள் இப்போது உங்களிடம் இதைச் சொல்லப் போகிறேன். நீங்கள் சிரித்தால் நான் கோபித்துக்கொள்ள முடியாது, உங்கள் இடத்தில் நானும் சிரித்திருப்பேன்.

என் பெயர் மஞ்சுளா. செங்கம் ரோட்டில் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் டிராவல்ஸ் வைத்திருக்கிறேன். ரயில், விமான டிக்கெட், ஏர்போர்ட் டாக்ஸி, இதுதான் பிழைப்பு. ஆனால் இந்தப் பக்கம் ரூம் எடுத்துத் தங்கித் தியானம் செய்கிற வெள்ளைக்காரர்களில் சிலர் நாலு மாதம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டு, நேராகத் தாய்லாந்து பக்கத் தீவுகளுக்குப் போய்ப் பாய்மரப் படகு வாடகைக்கு எடுத்து ஒரு வாரம் சுற்றுவார்கள். அவர்களுக்காக ஏற்பாடு செய்யப் போய், பிறகு பெங்களூர், சென்னைக் குடும்பங்களும் கேட்க ஆரம்பித்து, படகும் என் தொழிலாகிவிட்டது. எங்கள் குடும்பம் கீழ்பென்னாத்தூரில் விவசாயம். எங்களுக்குக் கடலை தெரியும், கடல் தெரியாது. நான் ராட்டினத்தில் ஏறினாலே வாந்தி எடுக்கிற ஆள், ஆனால் இரண்டு வகைப் படகையும் பற்றித் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

மோனோஹல் என்றால் ஒரே உடம்பு. அடியில் டன் கணக்கில் எடை இருக்கும். காற்றடித்தால் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே போகும், உள்ளே இறங்க ஏணி மாதிரி செங்குத்தாகப் படி, ஆனால் கவிழ்ந்தாலும் அடியில் இருக்கிற எடை இழுத்துத் தானே நிமிர்ந்துவிடும். கேட்டமரான் என்றால் இரண்டு உடம்பு, நடுவில் கூடம். சாயாது, மேஜை மேல் வைத்த டீ சிந்தாது, ஆளுக்கு ஒரு ரூம். குழந்தை குட்டியோடு போகிறவர்கள் அதைத்தான் கேட்பார்கள். கவிழ்வது ரொம்ப ரொம்ப அபூர்வம், ஆனால் கவிழ்ந்துவிட்டால் நிமிராது, தலைகீழாகவே மிதக்கும். அதற்காகவே இரண்டு உடம்பிலும் நடுவில், படி இறங்குகிற இடத்தில், கால் மட்டத்தில் ஒரு கண்ணாடிக் கதவு வைத்திருப்பார்கள். படகு தலைகீழானால் அது தலைக்கு மேலே வந்துவிடும், அதைத் திறந்துகொண்டோ உடைத்துக்கொண்டோ வெளியேறலாம். இதை ஒவ்வொரு கஸ்டமரிடமும் கடைசியில் ஒப்பிப்பேன். யாரும் காதில் வாங்கியதில்லை.

அந்த வருஷம் என் தம்பி பிரபு வந்து கேட்டான். பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை. அவன், அவன் மனைவி வித்யா, ஆறு வயது மகள் இனியா, கூட எங்கள் அப்பா, நாலு பேருக்கும் தாய்லாந்தில் ஒரு வாரம் படகு வேண்டும் என்றான். அம்மா போனதிலிருந்து அப்பா வீட்டை விட்டு எங்கும் நகர்வதில்லை, அவரைக் கிளப்ப இதுதான் வழி என்று அவன் எண்ணம். ஊரில் வைத்துப் பேச்சை எடுத்தான்.

"கேட்டமரான்னா வேற ஒண்ணும் இல்லப்பா, நம்ம கட்டுமரந்தான். வெள்ளக்காரன் நம்ம பேர எடுத்துக்கினான்" என்றான். அவ்வளவுதான், அப்பா எழுந்தே விட்டார்.

"கட்டுமரமா? கடலூர்ல பாத்திருக்கேன்டா. நாலு கட்டைய கயித்துல கட்டிக்கினு போவானுங்க. அதுல கொழந்தைய ஏத்துவியா? படிச்சவன்தானே நீ?"

நான் போனில் போட்டோ காட்டினேன். கட்டில், ஏசி, ஜன்னல், பாத்ரூம். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது கட்டுமரம் இல்லம்மா மஞ்சு. கட்டுமரத்துக்கு ஏது உள்ள? மேலதான் உக்காரணும். கவுந்தா பெரட்டிப் போட்டுட்டு மறுபடி ஏறிக்குவான். இதுல உள்ள படுத்துனு இருக்கறவன் இன்னா பண்ணுவான்?"

"கவுராதுப்பா" என்று சொல்லி நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அப்பாவுக்கு முட்டி சரியில்லை, மோனோஹல்லின் ஏணிப்படி அவருக்கு ஆகாது. வித்யாவுக்குக் கார் பயணமே ஒத்துக்கொள்ளாது, சாய்ந்த படகில் தாங்கமாட்டாள். எப்படிப் பார்த்தாலும் கேட்டமரான்தான் சரி. முன்பக்கத்து இடது ரூம் தாத்தாவுக்கும் தனக்கும் என்று இனியா படகின் வரைபடத்தில் பென்சிலால் ஸ்டார் போட்டும் விட்டாள். இருந்தாலும் இரண்டு வகையிலும் ஒவ்வொரு படகைப் பிடித்து வைக்கச் சொல்லி அங்கிருக்கிற ஏஜென்டிடம் சொல்லியிருந்தேன். ஒரு குறிப்பிட்ட நாள் சாயங்காலம் ஆறு மணிக்குள் எது என்று சொல்லியாக வேண்டும். "நீ எத சொல்றியோ அதான் அக்கா" என்று பிரபு பொறுப்பை என் தலையில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அந்த நாள் பௌர்ணமியாக அமைந்தது. பௌர்ணமி அன்று செங்கம் ரோடு எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். மத்தியானத்திலிருந்தே வண்டியை நிறுத்திவிடுவார்கள். ரோடு முழுக்கத் தலை, எல்லாரும் ஒரே திசையில் நடப்பார்கள், எதிரே பத்தடி போகக்கூட வழி கிடைக்காது. போன் சிக்னல் செத்துப்போகும். நாலரை மணி இருக்கும், நான் கடையில் தனியாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கேட்டமரானை உறுதி செய்து மெயில் அடித்துக்கொண்டிருந்தேன். செல் சார்ஜ் போட்டுக்கொள்ளலாமா, பாத்ரூம் இருக்கா என்று நிமிஷத்துக்கு ஒருவர் எட்டிப் பார்த்ததால் எரிச்சலாகி, ஷட்டரைப் பாதி இறக்கலாம் என்று எழுந்து போய் இழுத்தேன். அது கையிலிருந்து நழுவி, தடதடவென்று கீழே வரைக்கும் வந்து உட்கார்ந்துவிட்டது. அதே நேரம் பார்த்துக் கரண்டும் போனது. யூபிஎஸ் இரண்டு முறை கத்திவிட்டு அணைந்தது. அடித்த மெயிலும் போனது.

ஷட்டரைத் தூக்கினேன், வரவில்லை. தகடு எங்கோ பிதுங்கி மாட்டிக்கொண்டது. தட்டினேன், கத்தினேன். வெளியே ஒலிபெருக்கியும் அரோகராவும், யார் காதில் விழும். போனில் நாலு சதவீதம் சார்ஜ், ஒரு கோடு சிக்னல் கூட இல்லை, பிரபுவுக்கும் என் வீட்டுக்காரருக்கும் மாறி மாறி முயற்சி செய்ததிலேயே அதுவும் அணைந்துவிட்டது. ஷட்டருக்கு அடியில் விரல் அளவுக்கு ஒரு இடைவெளி, அதில் வெயில் ஒரு கோடாகத் தெரிந்தது. அது ஒன்றுதான் வெளிச்சம். ஜன்னல் இல்லாத அறை, சித்திரை மாத உஷ்ணம், பத்து நிமிஷத்தில் தொப்பலாக நனைந்துவிட்டேன். பயந்தேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது சாதாரணப் பயம். ஆறு மணிக்குள் யாராவது திறக்க வேண்டுமே என்கிற கவலைதான் பெரிதாக இருந்தது. நாற்காலியை எடுத்துத் தட்டித் தட்டிக் கை ஓய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

எவ்வளவு நேரம் போனது என்று தெரியாது. முதலில் மாறியது சத்தம். வெறுங்காலோடு ஆயிரக்கணக்கான பேர் நடக்கிற சத்தம் அதுவரை ஷட்டருக்கு வெளியே, எனக்கு நேராகக் கேட்டுக்கொண்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அது மேலே ஏறியது. நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, ரோடு என் தலைக்கு மேலே போவது போல, மொட்டைமாடியில் கூட்டம் நடப்பது போலக் கேட்டது. என் கடைக்கு மேலே மாடியே கிடையாது, கூரைமேல் ஏறப் படிகூடக் கிடையாது. நிமிர்ந்து பார்த்தேன். அந்த வெயில் கோடு மேலே இருந்தது. ஷட்டருக்கு அடியில் இருந்த கோடு, கூரையை ஒட்டி.

ஷட்டரின் மேல் உருளைக்குப் பக்கத்திலும் ஒரு இடைவெளி இருக்கும், அதைத்தான் பார்க்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எழுந்திருக்கத் தரையில் கையை ஊன்றினேன். என் கடைத் தரை மொசைக், கண்ணாடி மாதிரி வழவழ என்றிருக்கும், தினமும் நானே துடைக்கிறேன். கையில் பட்டது சொரசொரவென்ற சிமெண்டுப் பூச்சு. இன்னும் கொஞ்சம் தடவினேன். தகடு மாதிரி ஒன்று, ஓரமெல்லாம் பிசுபிசுவென்று தூசி, தொட்டதும் மெல்லச் சுற்றியது. அது என் ஃபேன். தரையில் உட்கார்ந்துகொண்டு நான் என் சீலிங் ஃபேனின் இறக்கையைத் தொட்டுக்கொண்டிருந்தேன்.

மேஜை எங்கே போனது, நாற்காலி ஏன் விழவில்லை என்றெல்லாம் கேட்காதீர்கள். இருட்டில் நான் எதையும் பார்க்கவில்லை, கைதான் பார்த்தது. அப்போதுதான் காலில் ஈரம் தெரிந்தது. வெதுவெதுப்பான தண்ணீர், பாதம், கணுக்கால், பிறகு கெண்டைக்கால். உதட்டில் தெறித்தது, உப்புக் கரித்தது. நூறு கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் கடல் கிடையாது என்று என் மூளையின் ஒரு மூலை கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

பிறகு வலது பக்கச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. சின்னக் கை, இரண்டு இரண்டாகத் தட்டியது. இடது பக்கம் சலீம் பாயின் ஜூஸ் கடை, அங்கிருந்து கேட்டிருந்தால்கூட ஏதோ என்று விட்டிருப்பேன். வலது பக்கம் காலி மனை, முள்ளுச் செடியும் பாட்டிலும்தான்.

"அத்தை."

என்னை அத்தை என்று கூப்பிட இந்த உலகத்தில் ஒரே ஒரு ஜீவன்தான் உண்டு. என் வீட்டுக்காரர் கூடப் பிறந்தது எல்லாம் அண்ணன் தம்பிதான், அவர்கள் பிள்ளைகளுக்கு நான் சித்தி அல்லது பெரியம்மா. கஸ்டமர் பிள்ளைகளுக்கு ஆன்ட்டி. அத்தை என்றால் இனியா. பயத்தில் குரல் மாறிப்போயிருந்தது, ஆனால் வேறு யார் கூப்பிடுவார்கள்?

"அத்தை, கதவு தெறக்கல. தாத்தா எழுந்துக்க மாட்றாரு."

எனக்கு எப்படி அந்தத் தெம்பு வந்தது என்று தெரியவில்லை, சுவரில் வாயை வைத்துக் கத்தினேன். "முன்னாடி ரூம்ல இருக்காத கண்ணு! கதவ காலால ஒதச்சுத் தள்ளு. நடுவுல வா, படிக்கட்டு கிட்ட வா. கீழ கால் கிட்ட ஒரு கண்ணாடி இருந்துச்சில்ல, அது இப்ப தல மேல இருக்கும்! மேல தடவிப் பாரும்மா!" எத்தனையோ பேரிடம் இங்கிலீஷில் ஒப்பித்தது, முதல் தடவையாகத் தமிழில் வாயிலிருந்து வந்தது. தட்டுகிற சத்தம் அவசர அவசரமாகக் கேட்டது. பிறகு ஒவ்வொன்றாக. பிறகு இல்லை. நான் சுவரை இரண்டு கையாலும் அடித்துக்கொண்டு அழுதேன்.

வெளிச்சம் முகத்தில் அடித்தது. சலீம் பாய் ஷட்டரைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"இன்னா சிஸ்டர், உள்ளயே உக்காந்துனு இருக்கீங்க? சும்மா லைட்டா தூக்கினேன், வந்துச்சே." என் காலைப் பார்த்தார். "தண்ணி கேன் கவுந்துடுச்சா?"

ஆமாம் என்றேன். கேன் மூலையில் நிறைய நின்றுகொண்டிருந்தது. ஃபேன் மேலே தொங்கியது, மொசைக் தரை மொசைக்காகவே இருந்தது, ஆனால் என் சுடிதார் முழங்கால் வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. காய்ந்த பிறகு வெள்ளையாக உப்புப் பூத்தது. வியர்வைக்கும் உப்புப் பூக்கும், தெரியும். அதைத்தான் நானும் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

மணி ஐந்து நாற்பது. கரண்ட் வரவில்லை. நெட் வேண்டுமென்றால் ஜெனரேட்டர் வைத்திருக்கிற கஃபேக்குப் போக வேண்டும், அது ஐம்பதடி தள்ளித்தான், ஆனால் கூட்டம் வருகிற பக்கம். இரண்டு முறை இறங்கினேன், இரண்டு முறையும் என்னைத் தள்ளிக்கொண்டு என் கடையையும் தாண்டிக் கொண்டுபோய் விட்டார்கள். கடைசியில் காலி மனை வழியாக, முள்ளில் செருப்பை விட்டுவிட்டு, பின் சந்தில் ஓடினேன். போகிற போக்கில் என் சுவரின் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். செங்கல்லும் முள்ளும்தான். கஃபேக்காரரின் லேப்டாப்பை வாங்கி, கேட்டமரானை விட்டுவிடுங்கள், மோனோஹல் உறுதி என்று மெயில் அனுப்பியபோது ஆறுக்கு நாலு நிமிஷம் இருந்தது.

பிரபுவிடம் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. கேட்டமரான் வேறு யாருக்கோ போய்விட்டது என்று பொய் சொன்னேன்.

"இன்னாக்கா நீ! அப்பா அந்த முட்டிய வெச்சிக்கினு எப்டி எறங்குவாரு?" என்று கத்தினான். ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

போனார்கள். அந்த ஏழு நாளும் நான் போனைக் கையிலேயே வைத்திருந்தேன், சாப்பாடு இறங்கவில்லை. வித்யா இரண்டு நாள் வாந்தி எடுத்தாள். அப்பா படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். "சாஞ்ச வூட்ல படுத்துட்டு வந்தேன்மா, ஆனா நல்லாருந்துச்சு" என்றார் திரும்பி வந்ததும். அம்மா போன பிறகு அவர் வாய் நிறையச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். இனியா கறுத்துப்போய், பல் விழுந்து, ஆமை பார்த்த கதையை மூச்சு விடாமல் சொன்னாள். அவளை மடியில் போட்டுக்கொண்டு நான் அழுததற்கு என்ன காரணம் என்று யாருக்கும் புரியவில்லை.

ஏஜென்டிடம் ஜாடைமாடையாக விசாரித்தேன். நான் விட்டுக்கொடுத்த கேட்டமரானும் வேறு குடும்பத்தோடு போய், ஒரு கீறல் இல்லாமல் திரும்பியிருந்தது. ஆக ஒன்றுமே இல்லை. மூடின அறை, உஷ்ணம், காற்றில்லாமல் மூளை குழம்பியிருக்கும், ஷட்டர்காரனைக் கூப்பிட்டு எண்ணெய் போட்டேன், விஷயம் முடிந்தது. ஒரு மூன்று மாதம் நிம்மதியாகத் தூங்கினேன்.

அப்புறம் வித்யா மறுபடி உண்டாகியிருக்கிறாள் என்று செய்தி வந்தது. எல்லாருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். குழந்தை பிறந்த அன்று பெங்களூர் ஆஸ்பத்திரியில் நானும் இருந்தேன். பெண் குழந்தை. இனியா கட்டிலோரம் நின்று அந்தக் குட்டி விரல்களைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வித்யா படுத்தபடியே சொன்னாள், "இனிமே நீ அக்கா. பாப்பா கைய புடிச்சிக்கோ, உட்டுடக் கூடாது."

நான் வெளியே வந்து காரிடாரில் உட்கார்ந்துவிட்டேன்.

உங்களிடம் ஒன்றை நான் இன்னும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை, ஏனென்றால் அதற்கு அர்த்தமே இல்லாமல் இருந்தது. அன்றைக்கு அந்தச் சுவருக்குப் பின்னால், தட்டுவது நிற்பதற்கு முன்னால், அந்தக் குரல் கடைசியாக ஒன்று சொன்னது. "அக்கா கைய உட்டுட்டா, அத்தை." இனியா ஒற்றைப் பிள்ளை, அவளுக்கு ஏது அக்கா, பயத்தில் ஏதோ உளறுகிறது என்று அப்போது நினைத்தேன். பிறகு மறந்தும் போனேன்.

நான் படகை மாற்றியது இனியாவுக்காக. கூப்பிட்டது இனியா இல்லை.

இப்போதும் படகு விற்கிறேன், பிழைப்பு இருக்கிறதே. இரண்டு பெண் பிள்ளைகளோடு யாராவது வந்து கேட்டமரான் கேட்டால் மட்டும், அந்த வாரம் கிடைக்காதுங்க என்று சொல்லிவிடுகிறேன். பிரபுவிடம் இதை எப்படிச் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. சொன்னால் சிரிப்பான், என்னிடம் படித்த சிரிப்புதான் அது. "சின்னவ கொஞ்சம் வளரட்டும்க்கா, இந்த வாட்டி நீ ஏமாத்தாத, கேட்டமரான்தான், அப்பாவும் வரேன்னுட்டாரு" என்கிறான். அப்பா அதற்குள் புது டிரவுசர் வாங்கிவிட்டார்.

சின்னவளுக்குப் பத்து மாதம் ஆகிறது. எல்லாரையும் பார்த்துச் சிரிக்கிறாள், இன்னும் பேச்சு வரவில்லை. முந்தாநாள் வீடியோ கால் போட்டார்கள். திரை முழுக்க அவள் முகம், எச்சில் ஒழுகுகிற வாய், என்னையே உற்றுப் பார்த்து "த்த, த்த" என்றாள். பின்னாலிருந்து பிரபு கைதட்டினான். "அக்கா, கேட்டியா? மொத மொதல்ல உன்னதான் கூப்புடறா, அத்தைன்னு!" அவள் மறுபடி வாயைத் திறந்தாள். சிக்னல் போகுதுடா, அப்புறம் பேசுறேன் என்று சொல்லி நான் போனை வைத்துவிட்டேன்.